நாயை ஒரு ராத்திரி விட்டுப் போனேன், படிவத்தில் கையெழுத்தும் போட்டேன்: இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: நாங்கள் செந்தூலில் இருக்கிறோம். இந்தத் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகாமல் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போனோம். என் கொழுந்தனார் அங்கே காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தார். ஒரு ராத்திரிதானே என்று எங்கள் கருப்பனை (நாட்டு நாய், நான்கு வயது) செராஸில் வீட்டிலேயே நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணியிடம் விட்டோம். ஃபேஸ்புக்கில் பார்த்துத்தான் பிடித்தேன். 70 வெள்ளி (ரிங்கிட்) கட்டணம். அன்று ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டில் சீனப் புத்தாண்டுப் பட்டாசு வெடித்ததாம். யாரோ கேட்டைத் திறந்த நேரம் அது, கருப்பன் ஓடிவிட்டான். மறுநாள் மதியம் ஒரு மணிக்குத்தான் எனக்குப் போன் வந்தது. அதற்குள் கார் மோதிப் பின்னங்கால் முறிந்து ரோட்டோரம் கிடந்திருக்கிறான். அறுவைச் சிகிச்சைக்கு 5,400 வெள்ளி ஆனது. அந்தப் பெண்மணியிடம் கேட்டால், "ரிஸ்க் உங்களுடையது என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களே. அதோடு உங்கள் நாய்க்கு லைசன்ஸே இல்லை" என்கிறார். போனில் அவர் அனுப்பிய அந்தப் படிவத்தை, பணம் கட்டிய பிறகு, அவர் வீட்டு வாசலில் பிள்ளைகள் காரில் காத்திருக்கும்போது நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். "நாய் எதற்குப் பயப்படும்" என்ற இடத்தில் "பட்டாசு, இடி" என்று எழுதினேன். என்னால் எதுவும் கேட்க முடியாதா? இன்னொன்று: அடுத்த மாதம் ஈப்போவில் கல்யாணம். சாப்பாடும் தண்ணீரும் வைத்துவிட்டு வீட்டிலேயே விட்டுப் போனால் குற்றமா? இல்லை, கெப்போங் காண்டோவில் இருக்கும் என் தங்கையிடம் விடலாமா?

பதில்: வணக்கம் சகோதரி. கேட்க முடியும். உங்களை மடக்க அவர் நீட்டும் அந்தப் படிவம்தான் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம். அதைப் பத்திரமாக வைத்திருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டில் எப்படிக் கொஞ்சினாலும், சட்டத்தின் கண்ணில் கருப்பன் உங்கள் உடைமை. கேட்கவே கசப்பாக இருக்கும், ஆனால் இந்த இடத்தில் அது உங்களுக்குச் சாதகம். உங்கள் உடைமையை ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டால், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 101ஆம் பிரிவு முதல் வரும் விதிகள் அவரைக் கட்டுப்படுத்தும். 104ஆம் பிரிவு, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்த அளவு கவனம் வேண்டும் என்கிறது. அதில் காசு வாங்கியவர், வாங்காதவர் என்ற வேறுபாடு இல்லை.

அடுத்து, யார் எதை நிரூபிக்க வேண்டும்? பலரும் இதில்தான் குழம்புகிறார்கள். "அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நான் எப்படி நிரூபிப்பேன், நான் அப்போது பினாங்கில் அல்லவா இருந்தேன்" என்று நீங்கள் தயங்க வேண்டாம். நல்லபடியாக ஒப்படைத்தேன், முறிந்த காலோடு திரும்பக் கிடைத்தது என்று நீங்கள் காட்டினால் போதும். தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று காட்ட வேண்டியது அவர். இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் சொல்லும் போர்ட் சுவெட்டன்ஹமில் மருந்துப் பெட்டிகள் காணாமல் போன வழக்கில், அப்போது நம் நாட்டு வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1978இல் சொன்னது இதைத்தான். காணாமல் போன பெட்டிக்குத் துறைமுகம் பதில் சொல்ல வேண்டும் என்றால், திறந்த கேட்டுக்கு அந்தப் பெண்மணியும் பதில் சொல்ல வேண்டும்.

அவர் என்ன சொல்வார்? பட்டாசு எதிர்பாராதது என்பார். சீனப் புத்தாண்டு இன்னும் முடியாத வாரம், செராஸ் போன்ற இடம், ராத்திரி நேரம். கோலாலம்பூரில் வாழும் எவரும் அதை எதிர்பாராதது என்று சொன்னால் நம்ப ஆள் கிடைக்காது. அதோடு, கருப்பன் பட்டாசுக்குப் பயப்படுவான் என்று அவருடைய படிவத்திலேயே, அவர் கேட்ட கேள்விக்கு, உங்கள் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். தெரிந்த பிறகும் அவனை ஓர் அறையிலோ கூண்டிலோ வைக்காமல் கேட்டருகே திரியவிட்டது ஏன் என்பதுதான் உங்கள் கோரிக்கையை விசாரிக்கும் நடுவர் கேட்கப்போகும் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, பதினொன்றரைக்கு ஓடிய நாயைப் பற்றி மறுநாள் மதியம் வரை உங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்பது. என்னைக் கேட்டால், கேட் திறந்ததைவிட இந்த மௌனம்தான் அவருக்குப் பெரிய சிக்கல். கேட் திறந்தது ஒரு நொடிப் பிசகு. பதின்மூன்றரை மணி நேரம் போன் செய்யாமல் இருந்ததை அப்படிச் சொல்ல முடியாது.

இனி அந்தக் கையெழுத்து. ஒப்பந்தச் சட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வாதிட்டால் அது கொஞ்சம் இடைஞ்சல் தரக்கூடும். அதனால் நீங்கள் பிடிக்க வேண்டியது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். அதன் 53ஆம் பிரிவுப்படி, காசு வாங்கிச் செய்யும் சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம், யாரும் எழுதிக் கொடுக்காவிட்டாலும், தானாகவே இருக்கிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சட்டமே செல்லும் என்கிறது 6ஆம் பிரிவு. 2011இல் நடப்புக்கு வந்த திருத்தம் இன்னும் ஒருபடி மேலே போகிறது: கவனக்குறைவுக்கான பொறுப்பை விலக்கும் அல்லது குறைக்கும் வாசகம் நியாயமற்றது என்று 24டி பிரிவு நேரடியாகவே சொல்கிறது. பணம் கட்டிய பிறகு, வாசலில் வைத்து, படித்துப் பார்க்கவோ பேரம் பேசவோ நேரம் தராமல் வாங்கிய கையெழுத்தையும் 24சி பிரிவின் கீழ் கேள்வி கேட்கலாம். இந்த மாதிரி வாசகங்களைப் பெரிய நிறுவனங்களும் வைத்துத் தோற்றிருக்கின்றன. 2018 இறுதியில், ஒரு வங்கியின் வீட்டுக் கடன் ஒப்பந்தத்தில் இருந்த "எங்கள்மேல் வழக்கே போடக் கூடாது" என்கிற பாணி வாசகத்தை, நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவைக் காட்டித் தள்ளிவிட்டது.

லைசன்ஸ் விஷயம் வெறும் பூச்சாண்டி. கோலாலம்பூரில் நாய் வளர்க்க மாநகராட்சி மன்றத்தின் (டிபிகேஎல்) உரிமம் எடுக்க வேண்டும் என்பது உண்மை, நீங்கள் எடுக்காதது தப்பு, நாளைக்கே போய் எடுங்கள். ஆனால் அது உங்களுக்கும் டிபிகேஎல்லுக்கும் இடையிலான கணக்கு. அந்தப் பெண்மணி கேட்டை மூடாமல் விட்டதற்கு அது மன்னிப்பு ஆகாது. பதிலுக்கு அவரைக் கேளுங்கள், காசு வாங்கிப் பிராணிகளைத் தங்கவைக்க அவர் என்ன உரிமம் வைத்திருக்கிறார் என்று. வாக்குவாதத்துக்காக இல்லை. எழுத்தில் கேட்டு, வரும் பதிலை (அல்லது வராத பதிலை) ஆவணத்தோடு சேர்த்து வையுங்கள்.

எங்கே போவது? மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் 5,000 ரிங்கிட் வரைதான் கேட்கலாம், உங்கள் தொகை அதைத் தாண்டுகிறது. ஆகவே மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம்தான் உங்களுக்கு வழி. 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், கட்டணம் 5 ரிங்கிட், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் வரக் கூடாது. என் தொழிலுக்கு நட்டம்தான், உங்களுக்கு லாபம். கோரிக்கையைத் தொடங்கும் முதல் பாரத்தை (படிவத்தை) இணையம் வழியாகவும் பதியலாம்.

பாரத்தில் எதிர்த்தரப்பு என்ற இடத்தில் ஃபேஸ்புக் பக்கத்தின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். பக்கத்துக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கி யாரிடம் போய் வசூலிப்பது? 70 வெள்ளி எந்தப் பெயருக்குப் போனது என்று வங்கிப் பரிமாற்ற ரசீதில் இருக்கும். அந்தப் பெயரையும் செராஸ் வீட்டு முகவரியையும் எழுதுங்கள். தொழில்களைப் பதியும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் (எஸ்எஸ்எம்) பதிவு இருந்தால் அந்தப் பெயரையும் சேருங்கள். பதிவு இல்லை என்பதால் அவர் தப்பிக்க முடியாது, தொழிலாக நடத்துகிறாரா என்பதுதான் கேள்வி. விளம்பரம், கட்டண விவரம், மற்றவர்கள் எழுதிய பாராட்டுகள் எல்லாவற்றையும் இன்றே படம் பிடித்து வையுங்கள். பிரச்சினை என்று தெரிந்ததும் பக்கங்கள் மறைவது வழக்கம். நீங்களும் அவரும் தமிழில் பேசிய குரல் பதிவுகள் இருந்தால் எழுத்தில் இறக்கி, மலாயில் மொழிபெயர்த்து இணையுங்கள்.

எவ்வளவு கேட்கலாம்? கிளினிக் பில் முழுவதும், அடுத்து வரும் பரிசோதனைச் செலவு, 70 வெள்ளிக் கட்டணம், கிளினிக்குக்கு அலைந்த செலவு. அவர் தரப்பில் ஒருவேளை இப்படி வாதம் வரலாம்: "ரோட்டு நாய்க்குச் சந்தை விலையே கிடையாது, அதற்கு 5,400 செலவழித்தது உங்கள் இஷ்டம்." கேட்க ஆத்திரமாக வரும், ஆனால் உடைமை என்று பார்க்கும் சட்டத்தில் இந்த வாதத்துக்கு இடம் உண்டு. அதற்கான பதிலும் அதே படிவத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்தபோது இரு தரப்பும் எதிர்பார்த்திருக்கக்கூடிய இழப்பைக் கேட்கலாம் என்கிறது. இந்த மாதிரிப் படிவங்களில் "அவசரத்துக்கு எந்தக் கிளினிக்" என்று ஒரு கட்டம் வழக்கமாக இருக்கும். உங்களுடையதிலும் இருக்கிறதா பாருங்கள். அப்படிக் கேட்டவர், நாய்க்கு அடிபட்டால் சிகிச்சைக்குக் காசு ஆகும் என்று எதிர்பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வார்? மன வேதனைக்கு என்று தனித் தொகை கேட்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். கிடைப்பது அரிது, கேட்டால் மற்ற கோரிக்கையின் கனமும் குறையும்.

பதிவதற்கு முன் ஒரு கடிதம் அனுப்புங்கள். நடந்தது, தொகை, 14 நாள் கெடு, இவ்வளவு போதும். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பலர் அந்தக் கட்டத்திலேயே பாதிக்கு இறங்கி வருவார்கள். 4,000க்கு முடிக்கலாம் என்று அவர் சொன்னால் யோசியுங்கள். அவர் வேறு வருமானம் இல்லாமல் வீட்டில் நாய் பார்ப்பவராக இருந்தால், தீர்ப்பு வாங்குவது ஒன்று, பணம் கைக்கு வருவது வேறொன்று. இத்தனைக்கும் நடுவர் மன்றத் தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாமல் இருப்பது குற்றம்தான்.

இரண்டு காரியம் செய்யாதீர்கள். ஃபேஸ்புக்கில் அவர் படத்தைப் போட்டு வைரல் ஆக்க வேண்டாம். அவதூறு வழக்கும், 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவும் உங்கள் பக்கம் திரும்பும். அடுத்து, "பணம் தராவிட்டால் பிராணி வதை என்று புகார் கொடுப்பேன்" என்று மிரட்ட வேண்டாம். 2015ஆம் ஆண்டு பிராணிகள் நலச் சட்டத்தின் 29ஆம் பிரிவில் வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் இருக்கிறது. ஆனால் நடந்தது கவனக்குறைவு, வதை இல்லை. அவர் மற்ற நாய்களை மோசமாக வைத்திருப்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால் கால்நடைச் சேவைத் துறையிடம் புகார் கொடுங்கள், பணத்தோடு முடிச்சுப் போடாமல்.

ஈப்போ கல்யாணத்துக்கு வருவோம். இத்தனை மணி நேரம் தனியாக விட்டால் குற்றம் என்று பிராணிகள் நலச் சட்டத்தில் கணக்கு இல்லை. 24ஆம் பிரிவு, உரிய உணவு, உரிய இடம், வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு என்று உரிமையாளரின் கடமைகளைச் சொல்கிறது. நல்ல உடம்போடு இருக்கும் நாயை, நிழலும் தண்ணீரும் உள்ள வீட்டுக்குள் ஒரு ராத்திரி விடுவது குற்றமாகாது. ஆனால் காலில் பிளேட் வைத்த நாயை அப்படி விடுவதை நான் ஒப்ப மாட்டேன், கருப்பனின் மருத்துவரும் ஒப்ப மாட்டார். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்து ராத்திரி ஒருமுறை, காலையில் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொன்னாலே போதும் என்பது குணமான பிறகுதான்.

தங்கையின் காண்டோ நல்ல யோசனை, ஆனால் முதலில் அவர் நிர்வாகத்திடம் கேட்கட்டும். 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக ஒழுங்குமுறைகளின் மூன்றாவது அட்டவணையில் 14ஆம் துணைவிதி, மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரக்கூடிய பிராணியை வைத்திருக்கக் கூடாது என்கிறது. பல கட்டடங்களில் இதற்கு மேலும் கூடுதல் விதிகள் உண்டு. நீங்கள் ஈப்போவில் தாம்பூலம் வாங்கிக்கொண்டிருக்கும்போது தங்கைக்குக் காவலாளியிடமிருந்து போன் வரக் கூடாது.

யாரிடம் விட்டாலும், தங்கையாகவே இருந்தாலும், கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: எந்தக் கிளினிக், உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் எவ்வளவு ரிங்கிட் வரை அவரே முடிவெடுத்துச் செலவழிக்கலாம், என்ன மருந்து எத்தனை மணிக்கு, நாய் எதற்குப் பயப்படும், ஏதாவது ஆனால் ராத்திரி எந்த நேரமானாலும் எழுப்ப வேண்டும். "சரிக்கா" என்று பதில் வந்த பிறகு காரை எடுங்கள்.