அலர்ஜி சிரப் கூடிப்போனால் பிள்ளை தூங்கத்தான் செய்யுமா?

"பிள்ளைக்கு அலர்ஜி சிரப் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் நன்றாகத் தூங்கும், அவ்வளவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. இப்போதுதான் கொடுத்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்றால் மேலே படிக்காமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிப்போ மயக்கமோ வந்தால் உடனே 999 (மலேசியாவின் அவசர எண்). வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் தோட்டத்திலேயே நடந்தது. அக்கா மகனுக்கு மூன்று வயது, உடம்பெல்லாம் தடிப்பு. அவனுடைய பாட்டி குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மருந்துச் சிரப்பைச் சமையல் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தார், மூக்கும் ஒழுகியதால் சளி மருந்தும் கொடுத்தார். அதிலும் அதே குளோர்பெனிரமின்தான். ராத்திரி பையன் தூங்கவே இல்லை. முகம் செக்கச்செவேல் என்று சிவந்து, உடம்பு கொதிக்க, வேர்வை இல்லாமல், கண்மணி அகல விரிந்து, இல்லாத பூச்சியைக் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தான். காத்து கருப்பு என்று மிளகாய் சுற்றிப்போடக் கிளம்பிவிட்டார்கள், மாமாதான் காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் விடியும்வரை இதயத் துடிப்பைக் கவனித்தே வைத்திருந்தார்கள். பிழைத்தான்.

நான் டாக்டர் இல்லை, மருந்தே ஆகாது என்றும் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் இந்த மாதிரி பழைய வகை அலர்ஜி மருந்துகள் அளவு மீறினால் சின்னப் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் பிதற்ற வைக்கும், சிறுநீரை அடைக்கும், வலிப்பு வரும், இதயத் துடிப்பே தாறுமாறாகும், உயிரும் போகலாம். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்கு வழக்கமாக ஒரு வேளைக்கு 1 மில்லிகிராம்தான். 5 மில்லியில் 2 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 4 உள்ளதும் உண்டு, அப்புறம் கரண்டிக் கணக்கு எப்படிச் சரியாகும்? மருந்துக்கடையில் அளவு சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள், இரண்டு போத்தலையும் காட்டி ஒரே மருந்தா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு அங்கே இருந்த ஒருவர், "எஸ்டேட் ஆளுங்களுக்கு அறிவே கிடையாது" என்று மலாயில் எல்லோர் முன்னாலும் பாட்டியைத் திட்டினார். ஆறு பிள்ளைகளை வளர்த்த மனுஷி அவர், தமிழ் நன்றாகப் படிப்பார். அந்த இரண்டு போத்தலிலும் தமிழில் ஒரு வரி இல்லை.