ஹைப்பர்லூப் என்றால் என்ன? மும்பை–புணே வழியில் அது ஏன் இன்னும் வரவில்லை?

ஹைப்பர்லூப் என்பது, காற்றின் பெரும்பகுதியை வெளியேற்றிய நீண்ட குழாய்க்குள், காந்த விசையால் மிதக்கும் பெட்டிகளை மணிக்கு ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்த முயலும் போக்குவரத்து முறையாகும். அதிவேகத்தில் வண்டியைப் பெரிதும் தடுப்பது காற்றுதான். வேகம் இருமடங்கானால் அந்தத் தடை நான்கு மடங்காகிறது. மழைக்காலத்தில் மும்பையின் தாதர் இந்துமாதா பகுதியில் முழங்கால் நீரில் நடப்பதற்கும், நீர் வடிந்தபின் அதே சாலையில் நடப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றதே, காற்று நிறைந்த வெளிக்கும் காற்றை வெளியேற்றிய குழாய்க்கும் உள்ள வேறுபாடு.

2013இல் எலான் மஸ்க் வெளியிட்ட வரைவுக்குப் பிறகே இக்கருத்து பரவலாகப் பேசப்பட்டது. 2019இல் மகாராஷ்டிர அரசு மும்பை–புணே திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் அதை முன்மொழிந்த நிறுவனம், 2020இல் அமெரிக்காவின் நெவாடாவில் இருவரை ஏற்றிச் சென்று மணிக்கு 172 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதோடு சரி, 2023 இறுதியில் மூடப்பட்டது.

தடை அடிப்படை அறிவியலில் இல்லை, நடைமுறையில் இருக்கிறது. வெப்பநிலை 30 பாகை உயர்ந்தால் 100 கிலோமீட்டர் எஃகுக் குழாய் ஏறத்தாழ 36 மீட்டர் நீள முயலும்; அந்த நீட்சிக்கு இடம் கொடுத்துக்கொண்டே காற்றும் புகாமல் காக்க வேண்டும். இவ்வழியிலுள்ள கண்டாலா மலைப்பகுதியில் இவ்வேகத்துக்குக் கூர்மையான வளைவுகளும் உதவா. இவற்றைவிடப் பெரிய கேள்வி, ஒரு பெட்டியில் சில பத்துப் பேரே அமர முடியும் என்பதாகும் (நம் லோக்கல் ரயில் ஒரே நடையில் ஆயிரக்கணக்கானோரைச் சுமக்கிறது).

குழாயில் காற்று குறைவு என்பதால் பயணிகளுக்கு மூச்சுத் திணறும் என்று பலர் கருதுகின்றனர். ஆனால் விமானத்தைப் போலவே பெட்டிக்குள் இயல்பான சுவாசத்துக்கேற்ற காற்றழுத்தம் பராமரிக்கப்படும்.