கழற்றிய பழைய தண்டவாளத்தை சைடிங்கில் போடலாமா?

"பிரதான பாதையில் 54 கிலோ தண்டவாளத்தை எடுத்துவிட்டு 60 கிலோ போடுகிறார்கள். எடுத்ததை எங்கள் சரக்கு சைடிங்குக்கு வாங்கலாமா, இல்லை பழைய இரும்புதானா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். சைடிங் என்பது சரக்கு ஏற்றி இறக்கப் பிரதான பாதையிலிருந்து பிரியும் கிளைப் பாதை.

தாராளமாக வாங்கலாம். அந்தக் கிலோ என்பது ஒரு மீட்டரின் எடை. இரண்டுக்கும் எடையில் சுமார் 10 சதவீதம்தான் வித்தியாசம். வளையாமல் தாங்கும் விறைப்பில் 30 சதவீதம். வேகமும் பாரமும் கூடும் பாதைக்கு அந்த 30 தேவை. வண்டி ஊர்ந்து போகும் சைடிங்குக்கு 54 போதும். ஆனால் வேகம் குறைந்தாலும் வேகனின் பாரம் குறையாது. அதனால் தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான சிலீப்பரையும் ஜல்லியையும் குறைத்துவிடாதீர்கள்.

எடையைவிட முனைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒவ்வொரு சக்கரமும் இணைப்பில் வந்து இடிப்பதால் முனையின் தலைப்பகுதி நசுங்கும். போல்ட் ஓட்டையின் விளிம்பிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் சாய்வாகக் கிளம்பும். இரண்டு முனைகளையும் சேர்த்து போல்ட் போடும் இரும்புப் பட்டையான ஃபிஷ்பிளேட் மூடியிருக்கும் வரை அது கண்ணில் படாது. பிளேட்டைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் துரு நீக்கிப் பாருங்கள். அப்புறம் முழு நீளத்துக்கும், உள்ளே இருக்கும் விரிசலை ஒலி அலையால் கண்டுபிடிக்கும் அல்ட்ராசோனிக் சோதனை. முடிந்தால் பழைய ஓட்டைகளோடு முனையையே வெட்டி எறிந்துவிடுங்கள். புது ஓட்டையை டிரில்லால்தான் போட வேண்டும். கேஸால் சுட்டுத் துளைத்தால் விரிசலுக்கு நாமே விதை போட்ட மாதிரி.

தண்டவாளத்தைப் புரட்டி அடிப்பாகத்தையும் பாருங்கள். சிலீப்பரில் உட்கார்ந்த இடத்தில் துரு குழி பறித்திருந்தால் அந்தத் துண்டு வேண்டாம்.

வளைவிலிருந்து வந்ததில் உள்பக்கம் தேய்ந்திருக்கும். தேயாத பக்கம் உள்ளே வரும்படி திருப்பிப் போடலாம். இரு பக்கமும் தேய்ந்திருந்தால், ஏற்கெனவே ஒருமுறை திருப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். அது பழைய இரும்புதான்.

60-ன் உயரம் 172 மி.மீ., 54-க்கு 159. சந்திக்கும் இடத்தில் 13 மி.மீ. படி விழும், தேய்மானத்தால் இன்னும் கூடும். மேல்தளமும் உள்முகமும் ஒன்றாக வர, இதற்கென்றே செய்த, படி வைத்த ஃபிஷ்பிளேட்டோ, ஒரு முனை 60 ஆகவும் மறுமுனை 54 ஆகவும் உள்ள இடைத்தண்டவாளமோ வேண்டும். 54-ன் அடி அகலமும் 10 மி.மீ. குறைவு, 60-க்கான சிலீப்பரின் பிடிமானம் இதற்குப் பொருந்தாது.

ஒன்று கேட்டு வாங்குங்கள்: கழற்றும்போதே ஒவ்வொரு தண்டவாளத்திலும் வரிசை எண்ணும், எந்த முகம் உள்ளே இருந்தது என்பதும் பெயின்டில் எழுதியிருக்க வேண்டும். ஒரே அளவு தேய்ந்தவை அருகருகே வந்தால்தான் இணைப்புகளில் சக்கரம் இடிக்காது.