பட்டன் தேயாத பழைய டயரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: 2002 போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதிகம் ஓடாத கார். டயர்கள் 11 வருடப் பழசு, ஆனால் பட்டன் பாதிக்கு மேல் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றுங்கள், நான்கையும். அதுவரை மழையில் அந்தக் காரை வெளியே எடுக்காதீர்கள்.

அதிகம் ஓடாத கார் என்று நீங்கள் நிம்மதியாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. டயர் ரப்பரில் ஒருவித மெழுகு கலந்திருப்பார்கள். வண்டி ஓடும்போது டயர் நெளிய நெளிய அந்த மெழுகு மேலே வந்து, காற்றிலுள்ள ஓசோனால் ரப்பரில் விரிசல் விழாமல் காக்கும். நின்றே கிடக்கும் காரில் இது சரியாக நடக்காது. ஆக்ஸிஜனும் சூடும் சேர்ந்து ரப்பரை இறுக்கிக்கொண்டே போகும். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பிடிக்காது.

பாக்ஸ்டரில் இது இன்னும் முக்கியம். எஞ்சின் நடுவில், பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் உட்கார்ந்திருக்கிறது. வளைவில் பின்பக்கம் பிடி விட்டால் கார் சட்டென்று சுழன்றுவிடும். என்னிடம் இருப்பதும் உங்களுடைய அதே 986 தலைமுறைதான். சறுக்கலைச் சமாளிக்கும் பி.எஸ்.எம். வசதி அந்தக் காலத்துக் கார்கள் எல்லாவற்றிலும் இல்லை. வேண்டியவர்கள் தனியாகக் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டார்கள். உங்கள் காரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பரில் இறந்த விபத்து நினைவிருக்கும். அந்த போர்ஷே கரேரா ஜிடி அதிவேகத்தில் போனதுதான் முதல் காரணம் என்றார்கள் விசாரித்தவர்கள். ஆனால் டயர்கள் ஒன்பது வருடப் பழசு என்பதும் அவர்கள் அறிக்கையில் இருந்தது. அதே மாடல் கரேரா ஜிடி ஒன்று, 2024-ல் புதுவகை மிஷ்லின் டயர்களோடு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையை 7 நிமிடம் 12.69 வினாடியில் சுற்றியது. கார் புதிதாக வந்தபோது எடுத்த நேரத்தைவிட 16 வினாடிக்கு மேல் குறைவு! ஓட்டியவர் வேறு ஆள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், டயருக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது பாருங்கள்.

சரி, வாங்கும்போது. உங்களுடையது 17 அங்குலச் சக்கரம் என்றால் டயர் அளவு முன்னால் 205/50, பின்னால் 255/40. போர்ஷே ஒப்புதல் பெற்ற டயரில் ‘என்-3’ மாதிரி ஒரு குறி இருக்கும். நான்கிலும் ஒரே நிறுவனம், ஒரே வகை, ஒரே குறியாகப் போடுங்கள். கடையில் புதிது என்று கொடுப்பதும் கிடங்கில் சில வருடம் கிடந்ததாக இருக்கலாம். டயரின் பக்கச்சுவரில் ‘DOT’ என்று தொடங்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2714 என்றால் 2014-ன் 27-வது வாரம் செய்தது. ஒரு பக்கச்சுவரில் மட்டும்தான் இந்தத் தேதி இருக்கக்கூடும், அதனால் மாட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

சக்கர போல்ட்டுகளை ஏர் கன்னால் கண்டபடி முறுக்க விடாதீர்கள். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 130 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கச் சொல்லுங்கள். முதல் 300 கிலோமீட்டர் வரை வளைவிலும் பிரேக்கிலும் நிதானமாக ஓட்டுங்கள். புது டயரின் மேல்தோல் தேய்ந்த பிறகுதான் முழுப் பிடி வரும். அப்புறம் ஒரு முறை போல்ட்டுகளை மறுபடி சரிபார்த்துவிடுங்கள்.