கதிரையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் மகள் அடுத்த வருடம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். ஆங்கிலச் சொற்களை எவ்வளவு பாடமாக்கினாலும் மனதில் நிற்பதில்லை. சொல்லின் வேர் தெரிந்தால் மறக்காது என்கிறார்கள். 'தமிழிலிருந்து போன ஆங்கிலச் சொற்கள்' என்று வட்ஸ்அப்பில் வரும் பட்டியலைப் படிக்கக் கொடுக்கலாமா?
ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: பட்டியலைக் கொடுக்காதீர்கள், அம்மா. வேரைத் தேடுவது நல்ல வழிதான். அதை உங்கள் வீட்டுக்குள்ளேயே தொடங்கலாம்.

மகள் உட்கார்ந்து படிக்கும் கதிரை, போர்த்துக்கேயரின் 'கதெய்ரா'. 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய அவர்கள் பத்தே வருடத்தில் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். சொற்களோ நம்மிடம் தங்கிவிட்டன. கதெய்ராவுக்கு மூலம் 'கதெத்ரா', கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போன சொல். அதுவே பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஆங்கிலத்தில் 'செயார்' ஆனது. ஆயரின் இருக்கை உள்ள ஆலயம் 'கதீட்ரல்'. ஒரு கதிரையைக் காட்டி மூன்று சொற்களைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

பாணும் அப்படித்தான். லத்தீனில் 'பானிஸ்' என்றால் ரொட்டி. 'கம்பானியன்' என்றால் கூட இருந்து பாண் உண்பவர். 'கம்பனி' அதிலிருந்து வந்தது. பாண் வைக்கும் அறை 'பான்ட்ரி'. எனக்கு மிகவும் பிடித்த சொற்குடும்பம் இது.

எழுத்துக்கூட்டலுக்கும் வேர் கைகொடுக்கும். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஒலிக்காத 'பி'யைப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். வங்கிக் கணக்கில் வரும் 'டெபிட்'டைக் காட்டுங்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. பிரெஞ்சிலிருந்து வந்தபோது 'டெட்'டில் 'பி' இருக்கவில்லை. லத்தீன் மூலத்தை நினைவூட்ட அறிஞர்கள் பின்னர் அதைச் சேர்த்தார்கள்.

இனி அந்தப் பட்டியல். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை ஆங்கிலத்துக்குப் போனது உண்மை. 'ஒன்று'தான் 'வன்' ஆனது என்பது தவறு. அதன் பழைய ஆங்கில வடிவம் 'ஆன்'. ஜெர்மன் மொழியில் 'ஐன்', லத்தீனில் 'ஊனுஸ்'. 'வ' ஒலி பின்னாளில் ஒட்டிக்கொண்டது. 'அலோன்', 'ஓன்லி' என்ற சொற்களில் இன்றும் அது இல்லை. ஓசை ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது. பழைய வடிவமும் அது வந்த வழியும் தெரிய வேண்டும். தமிழின் பெருமைக்குப் பொய்ச்சான்று தேவையில்லை.

நல்ல ஆங்கில அகராதிகள் பலவற்றில் சொல்விளக்கத்தின் முடிவில், பெரும்பாலும் சதுர அடைப்புக்குள், சொல் வந்த வழி இருக்கும். பாடமாக்குவதற்கு முன் அந்த வரியை வாசிக்க மகளைப் பழக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு சொற்கள் போதும்.