ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் நாடுகளுக்கிடையே நதிநீர்ப் பூசல் ஏன் ஓய்வதில்லை?

பல ஒப்பந்தங்கள் ஓர் இடத்துக்கு வந்து சேரும் தண்ணீரைத்தான் பங்கிடுகின்றன. அந்த இடத்துக்கு எவ்வளவு வந்து சேர வேண்டும் என்பதற்கு யாரையும் கண்டிப்பாகப் பொறுப்பாக்குவதில்லை. பூசல் நீடிப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. இந்தியாவும் வங்கதேசமும் கங்கை நீருக்காக நடத்திவரும் பூசலைப் பார்த்தால் இது விளங்கும்.

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில், எல்லைக்குச் சற்று மேலே கட்டப்பட்ட ஃபராக்கா கதவணை 1975-இல் இயங்கத் தொடங்கியது. அது பாசனத்துக்காகக் கட்டப்பட்டதன்று. ஹூக்ளி ஆற்றில் வண்டல் படிந்து கொல்கத்தா துறைமுகத்துக்குக் கப்பல்கள் வருவது கடினமாகிப் போனதால், கங்கையிலிருந்து வினாடிக்கு 40,000 கன அடி வரை ஒரு கால்வாய் வழியே திருப்பி வண்டலை அடித்துச் செல்வதே அதன் நோக்கம். மேற்கு வங்கப் பொறியாளர் கபில் பட்டாச்சாரியா இத்திட்டத்தைத் தொடக்கத்திலேயே எதிர்த்தார். 1976 மே மாதம் வங்கதேச அரசியல் தலைவர் மௌலானா பாஷானி ஃபராக்காவை நோக்கி நெடும்பயணம் நடத்தினார். அதே ஆண்டில் வங்கதேசம் பிரச்சினையை ஐ.நா. வரை கொண்டு சென்றது.

1977-இல் ஐந்தாண்டு உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. வரத்து எவ்வளவு குறைந்தாலும் அட்டவணைப்படி வங்கதேசத்துக்கு உரிய பங்கில் 80 சதவீதம் கிடைக்கும் என்ற உறுதி அதில் இருந்தது. அதன்பின் வந்த தற்காலிக ஏற்பாடுகளும் 1988-இல் முடிந்துபோயின. எட்டு ஆண்டுகள் எந்த ஒப்பந்தமும் இல்லாமலே கழிந்த பின்னர், 1996 டிசம்பர் 12 அன்று தேவ கௌடாவும் ஷேக் ஹசீனாவும் முப்பது ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அப்போது மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதி பாசுவின் ஒத்துழைப்பு இல்லாமல் அது நடந்திருக்காது.

அதன்படி ஜனவரி முதல் மே வரை பத்து நாள்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. ஃபராக்காவுக்கு வரும் நீர் வினாடிக்கு 70,000 கன அடிக்கு மிகாமல் இருந்தால் ஆளுக்குப் பாதி. 70,000-க்கும் 75,000-க்கும் இடைப்பட்டால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. அதற்கு மேற்பட்டால் இந்தியாவுக்கு 40,000, மீதி வங்கதேசத்துக்கு. கோடையின் கடுமையான வாரங்களில், அதாவது மார்ச் 11 முதல் மே 10 வரை, இரு தரப்பும் மாறி மாறி 35,000 கன அடி பெறும் ஏற்பாடும் உண்டு. ஆனால் வரத்து 50,000-க்குக் கீழே போனால் என்ன செய்வது? இரு அரசுகளும் உடனே கலந்து பேச வேண்டும் என்பதோடு ஒப்பந்தம் நின்றுவிடுகிறது. 1977-இன் 80 சதவீத உறுதி இதில் விடுபட்டது. மிகவும் தேவைப்படும் வேளைக்கு விதியே இல்லாத ஒப்பந்தத்தை நான் முழுமையானது என்று சொல்ல மாட்டேன்.

இந்த வாய்பாடு 1949 முதல் 1988 வரையிலான சராசரி வரத்தை வைத்து வகுக்கப்பட்டது. அந்த அளவு நீர் ஃபராக்காவுக்கு வருவதைக் காக்க மேல்மடை நாடான இந்தியா எல்லா முயற்சியும் எடுக்கும் என்று ஒரு வரி உண்டு. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பாசனத்துக்கு எடுக்கப்படும் நீருக்கு அந்த வரி எந்த வரம்பும் வகுக்கவில்லை. ஒப்பந்தம் ஏற்பட்ட அடுத்த கோடையிலேயே, 1997-இல், எதிர்பார்த்த நீர் வரவில்லை. கதவணையில் பங்கீடு நேர்மையாகவே நடந்தாலும் கீழ்மடையில் கங்கையின் கிளையான கோராய் ஆறு கோடையில் வற்றுவதும், வங்கதேசத்தின் தென்மேற்கிலுள்ள குல்னா பகுதியில் கடல் உப்பு உள்ளே ஏறுவதும் தடுக்கப்படவில்லை. வேடிக்கை என்னவென்றால், இதே கதவணையால் வண்டல் தேங்கி வெள்ளம் பெருகுகிறது என்று பீகார் முதல்வராக இருந்த நிதிஷ் குமாரும் குறைகூறி, அதை அகற்றச் சொன்னார்.

இரு நாடுகளுக்கும் பொதுவான 54 ஆறுகளில் இன்னொன்றான தீஸ்தாவின் கதை இன்னும் சுருக்கமானது. 2011-இல் மன்மோகன் சிங் டாக்கா சென்றபோது கையெழுத்தாக இருந்த ஒப்பந்தம், மம்தா பானர்ஜியின் எதிர்ப்பால் நின்றுபோனது.

1996 ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பரில் நிறைவடைகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் சதவீதங்களை மாற்றி எழுதுவதைவிட, மேல்மடை மாநிலங்கள் கோடையில் எடுக்கும் நீரையும் கணக்கில் சேர்ப்பதும், 50,000 கன அடிக்குக் கீழே யாருக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பதும்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆனால் முதலாவதற்கு லக்னோவும் பாட்னாவும் இசைய வேண்டும். அந்த இசைவைப் பெறுவது டாக்காவுடன் பேசுவதைவிடப் புதுதில்லிக்குக் கடினமாக இருக்கும்.