காசநோயும் இன ஒதுக்கலும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவில் பூர்வகுடியினருக்கென நடத்தப்பட்ட ‘இந்தியன் மருத்துவமனைகளை’ இன ஒதுக்கல் என்று சொன்ன உங்கள் கட்டுரையை வாசித்தேன். காசநோய் தொற்றக்கூடியது, நோயாளியை விலக்கிவைப்பதே அக்கால மருத்துவம். தாம்பரம் சானடோரியத்திலும் அதைத்தானே செய்தார்கள்? இதை இன ஒதுக்கல் என்பது மிகையாகாதா?

ச.

அன்புள்ள ச.,

மிகையில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். தாம்பரத்தில் ஒருவரைச் சேர்க்க அவருக்குக் காசநோய் இருந்தாக வேண்டும். கனடாவின் எட்மன்டன் நகரில் 1946-இல் திறக்கப்பட்ட சார்லஸ் கேம்செல் இந்தியன் மருத்துவமனையோ, பூர்வகுடியினருக்கென்றே மத்திய அரசு நடத்தியது; அங்கே ‘இந்தியர்’ என்ற சொல் அவர்களையே குறித்தது. இத்தகைய மருத்துவமனைகள் பொது மருத்துவமனைகளைவிடக் குறைந்த செலவில் நடத்தப்பட்டன. 1953-இல் இந்தியர் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், சிகிச்சைக்கு மறுப்பவரையும் இடையில் வெளியேறுபவரையும் தண்டிக்க வழிசெய்தன.

வடதுருவத்து இனுயிட் மக்களுக்கு நேர்ந்ததை நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். 1950 முதல் சி. டி. ஹவ் என்ற அரசுக் கப்பல் கிழக்கு ஆர்க்டிக் குடியிருப்புகளுக்குச் சென்று, மக்களைக் கப்பலில் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தது. நுரையீரலில் நோய் தெரிந்தவர்களில் பலர், கரையில் நின்ற பிள்ளைகளிடம் விடைபெறக்கூட இறங்க விடப்படாமல், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, தம் மொழி அறிந்தவர் அரிதான வார்டுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1950-களின் நடுவில் இனுயிட் மக்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் இப்படித் தெற்கத்திய மருத்துவமனைகளில் இருந்தார்.

தாம்பரத்தை நீங்கள் நினைவூட்டியதால், சென்னையின் இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1956-இல் இங்கே தொடங்கிய ஆய்வு, மருந்து முறையாகக் கிடைத்தால் ஏழைக் குடும்பத்தின் நெருக்கமான வீட்டில் இருந்தபடியே நோயாளி சானடோரியத்துக்கு நிகராகத் தேறுகிறார் என்றும், அதனால் வீட்டாருக்குத் தொற்று கூடுவதில்லை என்றும் 1959, 1960 ஆண்டுகளில் வெளியான அறிக்கைகளில் காட்டியது. பிரித்துவைப்பது தவிர்க்கவே முடியாதது என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இதுவும் காரணம்.

கேம்செலின் உயிர்காக்கும் மருந்துகளால் பலர் பிழைத்தார்கள், அதை மறுக்கமாட்டேன். ஆனால் இறந்தவர்கள் தெற்கிலேயே புதைக்கப்பட்டதும், எங்கே என்று பல குடும்பங்களுக்குத் தெரிவிக்கப்படாததும் எந்த மருத்துவத் தேவையால்? 2019 மார்ச்சில் கனடா பிரதமர் இக்கலூயிட் நகருக்குச் சென்று இனுயிட் மக்களிடம் இதற்காக மன்னிப்புக் கேட்டார். அன்று தொடங்கப்பட்ட கல்லறை தேடும் திட்டத்தின் பெயர் ‘நனிலாவுட்’. ‘அவர்களைக் கண்டுபிடிப்போம்’ என்பது அதன் பொருள்.